வலி தானாக வருமா, வரவழைக்க வேண்டுமா?



நான் ரயில்வேயில் 38 ஆண்டுகள் தண்டவாளப் பராமரிப்பு வேலை பார்த்து 2020-இல் ஓய்வு பெற்றவன். படித்தது சிவில் என்ஜினீயரிங் டிப்ளமா. "பிரசவத்தைப் பற்றி எழுத இவருக்கு என்ன தகுதி?" என்று தாய்மார்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சென்ற மாதக் கூட்டத்தில் இரண்டு குடும்பத்தினர் என்னிடம் ஒரே விஷயத்தைக் கேட்டார்கள். "பொண்ணுக்குத் தேதி நெருங்குது சார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு வலி வரவழைப்பாங்களாம். அதுக்கு முன்னாலே வீட்டிலேயே இயற்கையா ஏதாவது செய்யலாமா? உங்க மகள் விஷயத்தில் என்ன செய்தீங்க?"

அங்கே நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயம் அல்ல அது. ஆகவே எழுதுகிறேன். 2022-இல் என் மகளின் முதல் பிரசவத்தின்போது நோட்டுப் புத்தகமும் கையுமாக டாக்டரம்மாவிடம் கேட்டுக் குறித்துக்கொண்டவையும், பிறகு தேடிப் படித்தவையும் இதில் உள்ளன. இது டாக்டரின் யோசனைக்கு மாற்று அல்ல. டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள உதவினால் போதும்.

1988-இல் நடந்தது

முதலில் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். 1988-இல் நாக்பூர் - இட்டார்சி பாதையில் ஒரு சிறிய ஸ்டேஷனில் எனக்கு வேலை. என் மனைவிக்குத் தலைப்பிரசவம். ஊரிலிருந்து மாமியார் வந்து சேருவதற்குள் லேசாக வலி கண்டுவிட்டது. பாசஞ்சர் வண்டி போய்விட்டது. அடுத்த வண்டி விடியற்காலையில்தான். பக்கத்துக் கிராமத்தில் பட்டம் எதுவும் இல்லாமல் வைத்தியம் பார்த்தவரை யாரோ அழைத்து வந்தார்கள். "வலி பத்தாது, சீக்கிரம் முடித்துவிடலாம்" என்று அவர் ஓர் ஊசி போட்டார். வலி வந்தது. விட்டு விட்டு வரவில்லை, விடாமல் வந்தது. ஆண் குழந்தை. அழவே இல்லை.

இதை நான் யாரிடமும் அதிகம் சொன்னதில்லை. என் மனைவி சொன்னதே இல்லை. ஆனால் அன்றிலிருந்து "ஊசி போட்டு வலி வரவழைப்பது" என்ற பேச்சைக் கேட்டாலே அவள் முகம் மாறிவிடும். 1992-இல் மகள் பிறந்தபோது வலி தானாகவே வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பிறந்தாள். அந்த மகள் 30 ஆண்டுகள் கழித்துத் தன் முதல் பிரசவத்துக்காக நாக்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அம்மா செய்த முதல் வேலை நல்ல விளக்கெண்ணெய் ஒரு புட்டி வாங்கி வைத்ததுதான்.

தேதி என்பது ஒரு கணக்கு

டாக்டர் கொடுக்கும் பிரசவத் தேதி எப்படி வருகிறது? கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள். எளிய வழி, அந்தத் தேதியுடன் 9 மாதமும் 7 நாளும் கூட்டுவது. ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17. நேகல் என்ற ஜெர்மானிய மருத்துவர் பெயரால் வழங்கும் விதி இது. நம் பெரியவர்கள் "பத்து மாதம் சுமந்தாள்" என்று சொல்வதும் இதே கணக்குத்தான். 28 நாள் கொண்ட மாதம் பத்து என்றால் 280.

இந்தக் கணக்கு எல்லாப் பெண்களுக்கும் 28 நாள் சுழற்சி என்று வைத்துக்கொள்கிறது. 35 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்கு ஒரு வாரம் பிசகும். அதனால்தான் முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் முக்கியம். அதில் வரும் தேதிதான் நம்பத் தக்கது. பிந்திய மாதங்களில் எடுக்கும் ஸ்கேன் ஒவ்வொன்றும் வேறு வேறு தேதி காட்டும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

சரியான தேதி கிடைத்தாலும் அன்றைக்கே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஐந்து கூட இருக்காது. 37 வாரம் முடிந்ததிலிருந்து 42 வாரம் முடிவதற்குள் எப்போது பிறந்தாலும் காலப் பிரசவமே. ரயில்வே டைம் டேபிளாவது வண்டி இத்தனை மணிக்கு வரவேண்டும் என்கிறது. பிரசவத் தேதி அப்படிப்பட்டது அல்ல. "இந்த ஐந்து வாரத்துக்குள் வரும்" என்பதற்கு நடுவில் நட்ட ஒரு கல் அது.

பாயின்ட் திரும்பாமல் சிக்னல் இறங்காது

பழைய கை சிக்னல் ஸ்டேஷன்களில் நம் பிள்ளைகள் பலர் வளர்ந்திருப்பார்கள். ஸ்டேஷனில் பாயின்ட் சரியாகத் திரும்பி, பூட்டப்பட்ட பிறகுதான் சிக்னல் இறங்கும். பூட்டாத பாயின்டில் வண்டியைத் தள்ளினால் தடம் புரளும்.

பிரசவத்திலும் இந்த ஒழுங்கு உண்டு. கர்ப்பப்பையின் வாய் எட்டு மாதம் வரை கெட்டியாக, நீளமாக, மூடியிருக்கும். கடைசி வாரங்களில் அது மெல்ல இளகி, குட்டையாகி, முன்பக்கம் திரும்பி, சிறிது திறக்கிறது. குழந்தையின் தலையும் கீழே இறங்குகிறது. இந்த ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடும் முறையை 1964-இல் பிஷப் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்தார். மொத்தம் 13 மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் என்றால் வாய் பழுத்துவிட்டது. சிறிது தூண்டினாலே வலி வரும். 3, 4 என்றால் பழுக்கவில்லை. முதலில் அதை இளக வைக்க வேண்டும்.

ஆகவே "வலி வரவழைக்கலாமா?" என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, "வாய் எந்த நிலையில் இருக்கிறது?" என்பது. வீட்டு வைத்தியங்கள் பலித்ததாகக் கேள்விப்படும் கதைகளில் பல, ஏற்கெனவே பழுத்திருந்த நேரத்தில் நடந்தவை. அன்று மாலை அன்னாசி சாப்பிட்டாள், இரவு வலி வந்தது என்பார்கள். சாப்பிடாவிட்டாலும் அன்று வந்திருக்கும்.

வீட்டு முறைகள் ஒவ்வொன்றாக

என் நோட்டில் எழுதி வைத்திருந்த பட்டியலையும், எனக்குக் கிடைத்த பதில்களையும் தருகிறேன்.

1. விளக்கெண்ணெய்: இது வெறும் நம்பிக்கை அல்ல. அதிலுள்ள ஓர் அமிலம் குடலையும் கர்ப்பப்பையையும் ஒரே வழியில் தூண்டுகிறது என்று 2012-இல் ஜெர்மனியில் எலிகளில் செய்த ஆய்வு காட்டியது. கர்ப்பப்பையைச் சுருங்க வைக்க உடம்பு தானே சுரக்கும் பொருள் எந்த வாசலைத் தட்டுகிறதோ, அதே வாசலை இதுவும் தட்டுகிறது. அப்படியானால் இதுவும் ஒரு மருந்துதான். ஆனால் யாருக்கு எவ்வளவு என்ற அளவு தெரியாத மருந்து. குமட்டலும் பேதியும் நிச்சயம். களைத்து, நீர் வற்றிய உடம்போடு பிரசவத்துக்குப் போக நேரும். வலி அடுத்தடுத்து வந்தால் வீட்டில் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க ஆள் இல்லை.

2. பேரீச்சம்பழம்: ஜோர்டான் நாட்டில் செய்து 2011-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், தேதிக்கு முந்திய நான்கு வாரம் தினம் ஆறு பழம் சாப்பிட்ட 69 பெண்களில் நூற்றுக்கு 96 பேருக்கு வலி தானாக வந்தது. சாப்பிடாத 45 பேரில் நூற்றுக்கு 79. சிறிய ஆய்வு, ஆகவே முடிந்த முடிவு என்று சொல்ல முடியாது. ஆனால் கெடுதல் இல்லாத உணவு. கர்ப்பகாலச் சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

3. பாலில் நெய்: எங்கள் மராட்டிய அண்டை வீட்டுக் காகு ஒன்பதாம் மாதம் பிறந்ததும் இதைத்தான் சொன்னார். வழவழவென்று குழந்தை வந்துவிடும் என்று எண்ணம். நெய் போவது வயிற்றுக்கு. பிரசவப் பாதைக்கும் அதற்கும் வழியில்லை. ஒரு ஸ்பூன் சாப்பிட்டால் ருசி, அவ்வளவுதான்.

4. சீரகக் கஷாயம்: நம் பாட்டிமார் இதைக் கொடுத்தது வலி வரவழைக்க அல்ல, பொய் வலியா மெய் வலியா என்று பார்க்க. சூட்டு வலி என்றால் அடங்கும், பிரசவ வலி என்றால் அடங்காது. இதில் இருக்கும் பாடம் நல்ல பாடம்: சிறிது குடித்து, இளைப்பாறி, வலியின் இடைவெளியைக் கவனி. ஓய்விலும் நிற்காமல், இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் புறப்படு.

5. அன்னாசி, பப்பாளி, காரச் சாப்பாடு: வலி வரவழைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

6. நடை: உடம்புக்கும் மனதுக்கும் நல்லது. மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்கும் அளவுக்கு நடந்தால் போதும். மாடிப்படியை இருபது தடவை ஏறி இறங்கச் சொல்வது கொடுமை.

7. தம்பதியர் உறவு: என் வயதுக்கு இதைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். பனிக்குடம் உடையாமலும் நச்சு இறங்காமல் இருந்தாலும் பொதுவாகத் தீங்கில்லை. ஆனால் மலேசியாவில் நடந்த ஆய்வுகளில் அதனால் வலி முந்தி வரவில்லை.

8. மார்புக் காம்பைத் தூண்டுதல்: குழந்தை பால் குடிக்கும்போது சுரக்கும் ஆக்சிடாசின்தான் கர்ப்பப்பையையும் சுருக்குகிறது. ஆகவே இது வேலை செய்யும். வாய் பழுத்திருந்த பெண்களில் நூற்றுக்கு 37 பேருக்கு மூன்று நாளில் வலி கண்டது. செய்யாதவர்களில் நூற்றுக்கு 6. ஆனால் சிக்கல் உள்ள கர்ப்பிணிகளிடம் செய்த ஓர் ஆய்வில் சிசு மரணங்கள் நேர்ந்ததால் கவலை எழுந்தது. டாக்டர் அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

இவற்றோடு டாக்டர் கையால் செய்யும் ஒரு முறையும் உண்டு. உள் பரிசோதனையின்போது பனிக்குடச் சவ்வைக் கர்ப்பப்பையின் அடிப்பகுதியிலிருந்து விரலால் லேசாக விலக்கி விடுவார்கள். மருந்து எதுவும் இல்லை. உடம்பே தன் மருந்தைச் சுரக்கிறது. சற்று வலிக்கும், சிறிது ரத்தக் கசிவு இருக்கலாம். தானாக வலி வரும் வாய்ப்பை இது கூட்டுகிறது. "இயற்கையாக ஏதாவது" என்று கேட்பவர்கள் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

காத்திருப்பதும் ஒரு வேலை

எந்தச் சிக்கலும் இல்லாத கர்ப்பத்தில், 41 வாரத்தை எட்டும் முன் வழக்கமாக வலி வரவழைக்க வேண்டாம். 41 வாரத்தை எட்டியது உறுதியானால் வரவழைக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஏன் 41? ஸ்வீடனில் சுமார் 2,760 பெண்களைக் கொண்டு நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், 41 வாரத்தில் வலி வரவழைத்த பிரிவில் ஒரு குழந்தையும் இறக்கவில்லை. 42 வாரம் வரை காத்திருந்த பிரிவில் 6 குழந்தைகள் இறந்தன. ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள்.

"வலி வரவழைத்தால் கடைசியில் சிசேரியன்தான்" என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. பயம் வீண் அல்ல. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். நாடு முழுவதும் தனியார் ஆஸ்பத்திரிகளில் நூற்றுக்கு 47. ஆனால் குற்றவாளி வலி வரவழைப்பது அல்ல. அமெரிக்காவில் 6,106 முதல் பிரசவப் பெண்களிடம் செய்து 2018-இல் வெளியான ஆய்வில், 39 வாரத்தில் வரவழைத்தவர்களில் சிசேரியன் நூற்றுக்கு 18.6, காத்திருந்தவர்களில் 22.2. இதைப் படித்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. நானும் அந்தப் பேச்சை நம்பியிருந்தவன்தான். ஆனால் ஒன்று, அங்கே ஒவ்வொரு பெண்ணையும் விடாமல் கண்காணித்தார்கள்.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது அல்ல. குளிர்காலத்தில் தண்டவாளம் சுருங்கி விரிசல் விடும் என்று இரவெல்லாம் கேங்மேன்கள் விளக்கோடு நடந்து பார்ப்பார்கள். வண்டி ஓடுவது அந்த நடையின் பலத்தில்தான். தேதிக்குப் பிந்திய நாட்களில் தாயின் பிரஷர், குழந்தையின் அசைவு, இதயத் துடிப்பு, பனிநீரின் அளவு ஆகியவை நம் ரோந்து.

எங்கள் வீட்டில் நடந்தது

தேதி கடந்தது. மூன்றாம் நாள் டாக்டரம்மா பார்த்துவிட்டு, மதிப்பெண் 4 என்றார். சவ்வை விலக்கி விட்டார். "41 வரை பார்க்கலாம் காகா. அசைவை மட்டும் எண்ணச் சொல்லுங்கள்" என்றார்.

ஐந்தாம் நாள் இரவு. சமையலறையில் எண்ணெய் சூடாகும் வாசனை. நான் எழுந்து போனேன்.

"என்னங்க, நாளைக்கு விட்டா ஊசின்னு சொல்லிடுவாங்க. ராத்திரியே இதைக் கொடுத்துடறேன். என் அம்மா கொடுத்ததுதானே?"

நான் பதில் சொல்லும் முன் மகள் வந்து வாசலில் நின்றாள். "அம்மா, தலை ரொம்ப வலிக்குது. சாயந்திரத்திலேர்ந்து குழந்தை அவ்வளவா அசையலை."

என் மனைவி அடுப்பை அணைத்தாள். பத்து நிமிஷத்தில் ஆட்டோவில் இருந்தோம்.

ஆஸ்பத்திரியில் பிரஷர் 150/100. சிறுநீரில் புரதம். குழந்தையின் துடிப்பு நன்றாக இருந்தது, நல்ல வேளை. டாக்டரம்மா ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்: "இனிக் காத்திருக்க முடியாது. இந்த நிலையில் பிரசவம்தான் வைத்தியம். வலி வரவழைக்க வேண்டும்."

என் மனைவி நடுங்கினாள். தனக்குத் தெரிந்த ஹிந்தியில், 1988-ஐ முதல் முறையாக வெளியில் ஒருவரிடம் சொன்னாள். டாக்டரம்மா அவசரப்படாமல் முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: "அம்மா, அன்றைக்கு அவர் போட்டதும் ஆக்சிடாசினாகத்தான் இருக்கும். சதையில் ஒரேயடியாகப் போட்டால் திரும்ப எடுக்க முடியாது. ஒவ்வொரு முறை கர்ப்பப்பை இறுகும்போதும் குழந்தைக்கு ரத்தம் குறைகிறது. இடைவெளியில்தான் அது மூச்சு விடுகிறது. இடைவெளி இல்லாவிட்டால் மூச்சு இல்லை. நாங்கள் சொட்டுச் சொட்டாகக் கொடுப்போம். துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருப்போம். சரியில்லை என்றால் டிரிப்ஸை நிறுத்துவோம், சில நிமிஷத்தில் வேகம் தணிந்துவிடும்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பிரேக் இல்லாத வண்டியும் பிரேக் உள்ள வண்டியும் ஒரே என்ஜினில்தான் ஓடுகின்றன. 1988-இல் எங்களைக் கெடுத்தது மருந்து அல்ல. அளவும் இல்லாமல், கண்காணிப்பும் இல்லாமல் கொடுத்ததுதான். அந்த இரவு சமையலறையில் இருந்த எண்ணெய்க்கும் அளவு கிடையாது, கண்காணிப்பும் கிடையாது. இயற்கையா செயற்கையா என்று நாம் கோடு போடுகிறோம். கோடு அங்கே இல்லை. அளந்து, கவனித்துச் செய்வதா, இல்லையா என்பதே கோடு.

முதலில் வாயை இளக வைக்க, 25 மைக்ரோகிராம் மிசோப்ராஸ்டால் மாத்திரையை இரண்டு மணிக்கு ஒரு முறை வாய் வழியாகக் கொடுத்தார்கள். இந்த முறைக்கு நம் நாக்பூரோடு நேர்த் தொடர்பு உண்டு என்பது பிறகு தெரிந்தது. இங்குள்ள இரண்டு அரசு ஆஸ்பத்திரிகளில் ரத்த அழுத்தம் உள்ள 602 கர்ப்பிணிகளிடம் செய்த ஆய்வு 2017-இல் லான்செட் இதழில் வந்தது. சிறு பலூன் குழாய் வைத்து வாயைத் திறக்கும் முறையில் 24 மணி நேரத்தில் சுகப்பிரசவம் ஆனவர்கள் நூற்றுக்கு 47. மாத்திரை முறையில் 57. இங்குள்ள ஏழைத் தாய்மார்கள் பங்கு கொண்ட ஆய்வு உலகத்துக்கே பயன்படுகிறது. ஆனால் இதே மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் வாங்கித் தானே போடுவதும், முன்பு சிசேரியன் ஆனவர் போடுவதும் கர்ப்பப்பை கிழியும் ஆபத்து.

மறுநாள் மாலை, 21 மணி நேரத்துக்குப் பிறகு, பேத்தி பிறந்தாள். சுகப்பிரசவம். 2 கிலோ 900 கிராம். பிறந்ததும் அவள் போட்ட சத்தம் வெளியில் பெஞ்சில் இருந்த எங்களுக்குக் கேட்டது. என் மனைவி அழுதாள். எதற்காக என்று நான் கேட்கவில்லை.

நம் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

- முதல் மூன்று மாத ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தனி ஃபைலில் வையுங்கள். வெளியூரிலிருந்து பிரசவத்துக்கு வரும் பெண்கள் அதை மறக்காமல் கொண்டு வரவேண்டும்.

- டாக்டர் வலி வரவழைக்க வேண்டும் என்றால் மூன்று கேள்வி கேளுங்கள்: காரணம் என்ன? வாய் எந்த நிலையில் இருக்கிறது? இரண்டு நாள் காத்திருந்தால் என்ன ஆகும்? நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

- "அம்மாவுக்கு ரிடர்ன் டிக்கெட் இருக்கிறது", "வெள்ளிக்கிழமை நல்ல நட்சத்திரம்" என்று நாமே டாக்டரை அவசரப்படுத்த வேண்டாம். ரயில்வேக்காரனாகச் சொல்கிறேன், டிக்கெட்டைக் கேன்சல் செய்யலாம்.

- கடைசி வாரங்களில் தினம் ஒரு நேரம், சாப்பிட்ட பிறகு, இடது பக்கம் படுத்து அசைவை எண்ணச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்தில் 10 அசைவு இல்லை என்றாலும், வழக்கத்தைவிடக் குறைந்தாலும், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

- கடும் தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி, ரத்தப்போக்கு, பனிநீர் உடைதல் இவற்றில் எதற்கும் வீட்டு வைத்தியம் கிடையாது.

- வீட்டுக்கு வந்து "வலி ஊசி" போடுகிறேன் என்று எவர் சொன்னாலும், எவ்வளவு அனுபவசாலி என்றாலும், இடம் கொடுக்காதீர்கள்.

- ஹிந்தியோ மராத்தியோ சரளமாக வராத பெண்ணுடன் மொழி தெரிந்த ஒருவர் இருக்கட்டும். எங்கே வலிக்கிறது என்று சொல்ல முடியாமல் போவது பெரிய ஆபத்து.

அந்த விளக்கெண்ணெய்ப் புட்டியை என் மனைவி வீணாக்கவில்லை. பெயருக்கு ஏற்றபடி பூஜை அறை விளக்குக்குப் போயிற்று. இப்போது பேத்தி வரும்போதெல்லாம் அந்த விளக்கின் எதிரில் நின்று கைதட்டிப் பாடுகிறாள்.

தேதி நெருங்கிக் காத்திருக்கும் நம் பெண் பிள்ளைகள் எல்லோரும் தாயும் சேயுமாக நலமாக வீடு திரும்ப வாழ்த்துகிறேன்.